நேர் எதிரே

"ஏங்க, கண்ணு தெரியலையா?"

நாடு புதுசு, ஊர் புதுசு, மழையும் புதுசு... ரயில் நிலைய வாசலில் யார் மீதோ முட்டி, அவன் கையிலிருந்த காபியை அவன் சட்டையிலும், தன் மூக்குக் கண்ணாடியைத் தரையிலும் கொட்டிவிட்டு நின்றாள் அவள். இடிபட்டவனுக்கு முதலில் வாயில் வருவது தாய்மொழிதானே... வந்துவிட்டது.

"தெரியலைங்க," என்றாள் அவள்.

அந்த வெளிநாட்டு மழையில் தமிழில் பதில் வரும் என்று அவன் எங்கே கண்டான்? முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று குனிந்து கண்ணாடியை எடுத்தான். அதன் ஒரு காதுக்கம்பி வளைந்திருந்தது.

"மன்னிச்சுக்கோங்க... வாய் தவறி வந்துருச்சு. எதிர்லதான் கண்ணாடிக் கடை, நான் அங்கதான் வேலை பாக்கறேன். வாங்க, சரி பண்ணித் தரேன்."

அதற்குள் குடையோடு அவள் தோழிகள் ஓடி வந்தார்கள். ஒருத்தி இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இன்னொருத்தி பேர்போன வாயாடி. விடுமுறைக்கு வந்தவளைக் கொஞ்ச நேரம் தனியாக விட்டதற்கு நர்ஸ் தன்னையே திட்டிக்கொண்டாள். வாயாடியோ கறைபட்ட சட்டையைப் பார்த்து, "மாஸ்டர், வந்த அன்னிக்கே ஆளைப் புடிச்சுட்டியா?" என்றாள்.

மாஸ்டர் என்பது பழைய பட்டம். சொந்த ஊரில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். எத்தனையோ பெண்களை நடுங்க நடுங்க ஏற்றி, சிரிக்கச் சிரிக்க இறக்கிவிட்டவள். ஒரு நாள் பக்கத்தில் வந்த சைக்கிள் அவள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. வண்டி பழக வந்த பெண்தான் பிரேக்கை மிதித்தாள். யாருக்கும் அடியில்லை. அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். ஓரத்திலிருந்து பார்வை மூடிக்கொண்டே வரும், மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். கண் இருக்கும்போதே பெரிய ஊரைப் பார்த்துவிடட்டும் என்றுதான் தோழிகள் லீவு போட்டு அவளை வரவழைத்திருந்தார்கள்.

கடையின் பின்னறையில் அவன் சூடான காற்றில் ஃபிரேமைக் காட்டி, மெதுவாக வளைத்து, அவள் காதுகளில் மாட்டினான். "நேரா என்னைப் பாருங்க."

பார்த்தாள். தூக்கம் போதாத, ஆனால் சிரிக்கத் தெரிந்த கண்கள்... நீர் சொட்டும் நெற்றி முடி... அவளுக்கு மிச்சமிருந்த பார்வைக்குள் அந்த முகம் முழுசாக அடங்கியது. நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று அவளுக்குக் கோபமாகக்கூட வந்தது.

தொழில் பழக்கத்தில் அவன் பக்கவாட்டிலிருந்து விரலைக் கொண்டுவந்தான். "தெரிஞ்சா சொல்லுங்க."

விரல் அவள் மூக்குக்குக் கிட்டே வந்த பிறகுதான் சொன்னாள். அவன், அவளுக்குக் கொடுக்க வைத்திருந்த மூக்குக் கண்ணாடி டப்பாவை எடுத்து டக்கென்று மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் அப்படித்தான் செய்வான் போலிருக்கிறது.

டப்பாவை அவளிடம் கொடுக்க மறந்துவிட்டான். மறுநாள் அதைச் சாக்காக வைத்து நர்ஸ் வீட்டுக்கு வந்தவன், அப்புறம் சாக்கே தேடவில்லை. பாலம், கோபுரம், ஆற்றங்கரை என்று அவர்களோடு சுற்றினான். டப்பா மட்டும் அவன் பையிலேயே இருந்தது. தோழிகள் அவளை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், கைதியைக் கொண்டுபோகிற மாதிரி. அவனோ அவளுக்கு முன்னால், அவளைப் பார்த்தபடி பின்னோக்கியே நடப்பான். ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டி நெற்றியும் புடைத்துவிட்டது.

கடைசி நாள் மாலை, ஆற்றங்கரையில் தோழிகள் கொஞ்சம் பின்தங்கினார்கள்.

"ஒழுங்கா பக்கத்துல நடந்தா என்னவாம்?" என்று சிரித்தாள்.

"பக்கத்துல வந்தா நான் உங்களுக்குத் தெரிய மாட்டேனே..."

அவள் சிரிப்பு நின்றது. "எப்போலேர்ந்து தெரியும்?"

"கடையில, அன்னிக்கே."

"அப்போ பாவம்னுதான் கூட வந்தீங்களா?"

அவன் கையில் டப்பா மட்டும் டக், டக் என்றது.

அவளுக்கு அம்மா ஞாபகம் வந்தது. பெண் பார்க்க வரும் மாப்பிள்ளையிடம் கண்ணைப் பற்றி வாயைத் திறக்காதே என்று கெஞ்சிய அம்மா... ஒவ்வொருவரிடமும் உள்ளதைச் சொன்னவள் அவள். போனவர்கள் போனவர்கள்தான். அதைத் தாங்கிக்கொண்டவளால் இந்தப் பரிதாபத்தைத் தாங்க முடியவில்லை. இவன் ஒருவனாவது தன்னைத் தனக்காகவே பார்க்கிறான் என்று நினைத்திருந்தாளே.

"நாளைக்கு ஊருக்குப் போறேன். வழியனுப்ப வராதீங்க. இனிமே என் கண்ணுல படாதீங்க."

இரவெல்லாம் தலையணை நனைந்தது. நர்ஸ் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் விமான நிலையத்தில் வாயாடிகூட வாயைத் திறக்கவில்லை. அதுவே அவளுக்கு என்னவோ போலிருந்தது. பெட்டியை நகர்த்தியவள் காதில் விழுந்தது... டக். கொஞ்சம் விட்டு மறுபடி, டக்.

அவள் திரும்பவில்லை. "எவ்வளவு நேரமா நிக்கறீங்க?" என்றாள், எதிரே இருந்த வெறும் கண்ணாடிச் சுவரைப் பார்த்து.

"நீங்க வந்ததுலேர்ந்து." குரல் இடப்பக்கம், கையெட்டும் தூரத்தில் இருந்தது. "கண்ணுல படக்கூடாதுன்னீங்க. எங்க நின்னா உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

தோழிகள் இருவரும் தள்ளிப் போனார்கள்.

"நேத்து கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலை."

"பொய் சொல்ல வரலைங்க. முதல் நாள் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா அது மட்டும்னா கண்ணாடியைச் சரி பண்ணிக் குடுத்ததோட போயிருப்பேன். வேலையைப் போட்டுட்டு வந்து கம்பத்துல முட்டிக்குவேனா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க இல்லாம அந்தக் கடைக்குத் திரும்பிப் போகவே பயமா இருக்கு."

"ஒரு நாள் நீங்க நேர் எதிர்ல வந்து நின்னாலும் எனக்குத் தெரியாது. அப்போ என்ன பண்ணுவீங்க?"

"இப்போ எப்படிங்க என்னைக் கண்டுபிடிச்சீங்க?"

டக்.

அழக்கூடாது என்றுதான் இருந்தாள். முடியவில்லை. அம்மாவை எண்ணினாள். இவனிடம் மறைக்க அம்மாவுக்கு எதுவுமே இல்லை என்று தோன்றியது.

"முன்னாடி வாங்க," என்றாள். "எனக்கும்தான் பிடிச்சிருக்கு... எங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட பேசுங்க. வர்றப்போ அந்த டப்பாவையும் கொண்டு வாங்க."

அவன் வந்து நேர் எதிரே நின்றான். விமானத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தாள். சிவந்த கண்கள், நெற்றியில் இன்னும் வற்றாத அந்த வீக்கம், சரியாகச் சவரம் செய்யாத கன்னம். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், மனப்பாடம் செய்துகொண்டாள்.