மூச்சு விடாத சுவர்

ஏணி வந்து சேர்ந்தபோது வெயில் வாசற்படி வரை வந்திருந்தது. ஏணி என்பது அந்தப் பெயின்ட்டருடைய பட்டப்பெயர். கையைத் தூக்கினால் கூரை தட்டுகிற உயரம் என்பதால் பெயின்ட் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரு கையில் ஆயில் பிரைமர் டப்பா, இன்னொரு கையில் அதைக் கரைக்கிற தின்னர் கேன், அக்குளில் பழைய செய்தித்தாள் கட்டு.

"எங்க சார் அந்தச் சுவரு?"

மீட்டர்காரர் படுக்கையறையைக் கை காட்டினார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். முன்பே பேச்சு குறைவு. மனைவி இறந்த பிறகு அந்தக் கொஞ்சமும் நின்றுவிட்டது. அவள் உடலை எடுத்த அன்று அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சரியான கல்லுளிமங்கன் என்று சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே சொன்னார்கள். அதற்கும் அவருக்குக் கோபம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

கட்டிலை ஒட்டிய சுவரில், உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், இருந்தது அந்தக் கறை. மனைவிக்கு இதயம் பலவீனம். படுத்தால் மூச்சு முட்டும். கடைசி மாதங்கள் முழுக்க அவள் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் பேசத் தெம்பு இருக்காது. வேண்டாம் என்பதற்குத் தலையைச் சுவரிலிருந்து எடுக்காமலே இடமும் வலமும் தேய்ப்பாள். தேய்த்துத் தேய்த்து அவளுடைய தலையெண்ணெய் சுவரில் ஊறி, இரண்டு பக்கமும் இறகு விரித்த மாதிரி ஒரு மஞ்சள் கறை ஆகிவிட்டது.

மகளுக்கு இது நிறை மாதம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. பக்கத்தில் துணைக்கு ஆள் இல்லை. இங்கே வந்துவிடு என்று அவர் தொலைபேசியில் கூப்பிட்டதற்கு, "அந்தச் சுவரைப் பார்த்துட்டே என்னால படுக்க முடியாதுப்பா. அது போனா வரேன்" என்று சொல்லிவிட்டாள். மனைவி போன பிறகு அவர் விரும்பிக் கேட்ட ஒரே காரியம் மகள் வரவு. வெள்ளைப் பெயின்ட் வாங்கித் தானே இரண்டு தரம் அடித்தார். இரண்டு தரமும் ஈரம் காய்ந்ததும் மஞ்சள் மேலே வந்து நின்றது.

ஏணி கறையை நகத்தால் சுரண்டி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"தண்ணி பெயின்ட்டா அடிச்சீங்க? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கதை சார் இது. எண்ணெய் மேல தண்ணி நிக்குமா? இதுக்கு அடியில எண்ணெய்ப் பூச்சு வேணும், ஆயில் பிரைமர்தான். போட்டுட்டா சுவரு மூச்சு விடாது. உள்ள இருக்கறது உள்ளயேதான்."

மூச்சு என்ற சொல் காதில் விழுந்தபோது மீட்டர்காரர் ஒரு கணம் சுவரைப் பார்த்தார். பிறகு, "போடுங்க தம்பி" என்றார்.

கட்டிலை நடு அறைக்கு இழுத்துப் போட்டார்கள். ஏணி சுவரைத் தேய்த்துத் துடைத்து ஒரு கை பிரைமர் அடித்தார். கறை மறைந்தது. தின்னர் நெடி கண்ணைக் கரித்தது.

"ஜன்னலை மூடிடாதீங்க. தீக்குச்சி, ஊதுபத்தி எதுவும் இந்தப் பக்கம் வேண்டாம். இது மெதுவாத்தான் காயும். யாரும் தொடக்கூடாது."

"தொட யார் இருக்கா?" என்றார் மீட்டர்காரர்.

மறுநாள் காலை ஏணி அறைக்குள் போனவுடனே சத்தம் போட்டார்.

"என்ன சார், படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! யார் சாஞ்சது இதுல?"

மீட்டர்காரர் போய்ப் பார்த்தார். வெள்ளைப் பரப்பில், கறை இருந்த அதே உயரத்தில், வட்டமாக ஒரு பதிவு. ஈர மாவில் தலையை வைத்து அழுத்தியது போலத் தெளிவாக இருந்தது. அதில் நீளமான முடிகள் சில ஒட்டிக் காய்ந்திருந்தன. அடியில் நரை, நுனியில் கறுப்பு.

"பதில் சொல்லுங்க சார்" என்று திரும்பிய ஏணி, மீட்டர்காரரின் தலையைப் பார்த்தார். காது ஓரத்தில்கூடச் சொல்லிக்கொள்ளும்படி முடி இல்லாத வழுக்கை மண்டை.

ஏணியின் முகத்தில் ஈயாடவில்லை.

"வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

ஏணி தகட்டால் அந்த முடிகளைச் சுரண்டி எடுத்துத் தாளில் மடித்தார். உப்புத்தாள் போட்டுப் பதிவைத் தேய்த்துச் சமமாக்கினார். பிரைமரில் தின்னரைக் குறைத்துக் கெட்டியாகக் கலந்து, தொழில் தெரிந்தவன் செய்யக் கூடாத அளவுக்குத் தடிமனாக அப்பினார். சீக்கிரம் முடித்துவிட்டு ஓட வேண்டும் என்ற அவசரம் அவருடைய கையில் தெரிந்தது. மேல் பெயின்ட்டை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் நின்றே சொன்னார். தேநீரைக்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

மதியம் மகள் பேசினாள். "சுவரு சரியாயிடுச்சாப்பா?"

"ஆச்சும்மா. நாளைக்கு வா."

பேசி முடிக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. காற்று சாரலை நேராக அறைக்குள் அள்ளிப் போட்டது. ஈரச் சுவரில் தண்ணீர் பட்டால் எல்லாம் வீணாகிவிடும், மகள் வர மாட்டாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஜன்னலை இழுத்துச் சாத்தினார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். நெடி உள்ளே போய்த் தலையை மெல்ல வெட்டவெளியாக்கியது. பகல்தான் என்றாலும் மழை இருட்டில் அறை சாம்பல் நிறமாகிவிட்டது. சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது.

கெட்டிப் பிரைமரின் மேல், காய்ச்சின பாலில் படிவதைப் போல ஆடை கட்டியிருந்தது.

அந்த ஆடை ஓரிடத்தில் உப்பியது.

பிறகு அமுங்கியது.

கொப்புளம் என்று நினைத்தார். பெயின்ட்டில் கொப்புளம் வருவது சகஜம். ஆனால் கொப்புளம் எழுந்தால் எழுந்தபடியே நிற்கும். இது எழுந்தது, விழுந்தது. விழும்போது உள்ளே ஒட்டி, ஒரு வாயளவு குழி தெரிந்தது.

மழைச் சத்தத்துக்கு அடியில் அந்த இழுப்பு கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. எத்தனையோ ராத்திரிகள் இதே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட சத்தம்தான். ஊர்ப்பட்ட மூச்சுகளுக்கு நடுவிலும் அவர் அதை அடையாளம் சொல்வார்.

அவருக்குப் பயம் வரவில்லை. வர வேண்டிய இடத்துக்கு ஏதோ வந்து நின்று, கதவு திறக்காமல் திரும்பிப் போனது. பழக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. வாய் தானாகக் கேட்டது.

"தண்ணி வேணுமா?"

ஆடைக்கு அடியில் ஒரு வட்டம் அழுந்தி, இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் நகர்ந்தது.

வேண்டாம்.

"பொண்ணு வரா" என்று அவர் கிசுகிசுத்தார். "நாளைக்கு வரா. அவளுக்கு இந்த ரூமு வேணும். கொஞ்சம் பொறுத்துக்கோயேன்."

இழுப்பு வேகமாயிற்று. உப்பி, அமுங்கி, உப்பி, அமுங்கி. இந்த வேகத்துக்குப் பிறகு என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். முன்பு ஒரு தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்று சுவரை மூடச் சொன்னவரே அவர்தான்.

இப்படியே விட்டால் அடங்கிவிடும். சுவர் வெள்ளையாக நிற்கும். மகள் வருவாள்.

ஆடை உள்ளே ஒட்டிக்கொண்டது. மறுபடி எழவில்லை.

அவர் எழுந்தார். தொழிலை விட்ட பிறகும் சட்டைப் பையை விட்டுப் போகாத, கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்று இருந்தது. அதன் முனையை அந்தக் குழியின் நடுவில் வைத்துக் குத்தினார்.

புஸ்ஸென்று காற்று வந்தது. வெதுவெதுப்பாக அவர் முகத்தில் அடித்தது. தின்னர் நெடி இல்லை. நெஞ்சில் தடவும் தைலமும் தலையெண்ணெயும் கலந்த வாசனை. அறையில் வேறு காற்றே இல்லாதது போல அவர் அதை இழுத்தார். ஆழமாக, கடைசி வரை.

அப்புறம்தான் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது.

சுவர் அதன் பிறகு ஒரு வம்பும் பண்ணவில்லை. குத்தின ஓட்டையில் ஒரு பொட்டு பிரைமர் வைத்து மூடினார். காய்ந்ததும் மேல் பெயின்ட் அடித்தார். வெள்ளை வெளேரென்று வந்தது. மகளைக் கொஞ்ச நாள் கழித்து வரச் சொன்னார். நெடி போகட்டும் என்றார். அவள் ஒரு பையோடும் வயிற்றோடும் வந்து இறங்கி, அறை வாசலில் தயங்கி நின்று, சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குப்பா" என்றாள். அவள் கண் கலங்கியது. அவருக்கு மட்டும் கலங்கவில்லை.

அவள் அந்த அறையில் நிம்மதியாகத் தூங்கினாள். அவர் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். படுத்ததும் நெஞ்சை யாரோ முழங்கையால் அழுத்துவது போல மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்தால் சரியானது. அதனால் உட்கார்ந்தார். நாற்காலியைச் சுவரோரம் போட்டு, தலையைச் சாய்த்துத் தூங்கப் பழகிவிட்டார். வயசாயிற்று என்று மகளிடம் சொன்னார். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் மகள் தேநீரோடு வந்தாள். அவர் தலைக்குப் பின்னால் பார்த்தவள், டம்ளரை நீட்டாமல் அப்படியே நின்றாள்.

"அப்பா, நீங்க தலைக்கு எண்ணெய் வைக்கறீங்களா?"

"எந்தத் தலைக்கு?" என்று கேட்டு அவர் வழுக்கையைத் தடவிக் காட்டினார். கை வறண்டுதான் இருந்தது.

"சுவத்துல கறை இருக்கு. உங்க தலைக்குப் பின்னாடி." அவள் குரல் இறங்கியது. "ரெண்டு பக்கமும் இழுத்த மாதிரி."

அவர் திரும்பிப் பார்க்க நினைத்தார். கழுத்து திரும்பவில்லை. தலை சுவரோடு சாய்ந்தே இருந்தது.

"மறுபடி அந்தப் பெயின்ட்டரைக் கூப்பிடலாமாப்பா? அந்த பிரைமரை இங்கயும் அடிச்சுடுவோம்."

கூப்பிடும்மா என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை; பேசத் தெம்பு இல்லை. தலை மட்டும் சுவரைவிட்டு எடுபடாமல் இடப்பக்கம் தேய்ந்தது. வலப்பக்கம் தேய்ந்தது. மறுபடி இடப்பக்கம்.

அவர் அதை அசைக்கவில்லை.

மகள் ஒரு கையில் இருந்த தேநீரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். இன்னொரு கை வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா?" என்றாள் மெதுவாக.

தலை அசைவது நின்றது.