எரியும் கொட்டிலில் அடைக்கோழி

கிர்ர்ர்... கிர்ர்ர்...!

போன் அலறியது, பூரணத்தின் கைப்பைக்குள்ளிருந்து!

சந்நிதி முருகன் கோயில். கார்த்திகை விரதம். மாலைப் பூசை மணியையும் மீறி அலறியது.

பக்கத்தில் வேட்டியும் வெறும் மேலுமாக நின்றார் சிவசுப்பிரமணியம் எம்.பி. பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சியின் இடிமுழக்கம்! ஆனால் எம்.பி. ஆனாலும் இங்கே சட்டையைக் கழற்றத்தானே வேண்டும், பிள்ளைகளே? சட்டை அவர் கையில். சட்டைப்பையில் கிடந்த போன் இப்போது மனைவியின் கைப்பையில்.

கிர்ர்ர்...!

"முருகா... இந்த நேரத்திலை ஆர்?" பூரணம் நடுங்கினாள்.

"பயப்பிடாதை பூரணம்! கொட்டில்தானே... வீட்டுக்கு ஒண்டும் இல்லை!" என்றார் எம்.பி.

அவள் பதறிப் பதறிப் பையைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தாள்.

"ஹலோ! என்ன... கட்சிக் கொட்டில் எரியுதோ? ஐயையோ! ஆர் செய்தது? என்ன... பிரவீணன் உள்ளுக்கையோ?"

இப்போதுதான் எம்.பி.யின் முகம் வெளிறியது!

*

அன்றிரவே தொலைக்காட்சியெங்கும் ஒரே செய்தி.

கரவெட்டியில் எதிர்க்கட்சி எம்.பி.யின் வீட்டு முற்றத்துக் கட்சி அலுவலகம் தீக்கிரை! தொண்டர் பிரவீணன் படுகாயம்!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு கைகளும் பஞ்சுப் பொதிபோலச் சுற்றியபடி கிடந்தான் பிரவீணன். தாய் தகப்பன் இல்லாதவன். பத்து வருடமாக எம்.பி. வீட்டில்தான் சாப்பாடு.

கமராக்கள் சூழ்ந்து நிற்க, எம்.பி. அவன் தலையைத் தடவினார்.

"பாருங்கோ மக்களே! நாளைக்கு அரசாங்கத்துக்கு எதிரா நம்பிக்கையில்லாப் பிரேரணை. அதுக்குத்தான் இந்த நெருப்பு! இந்தப் பிள்ளையின்ரை கையை எரிச்ச அரசாங்கத்தை நான் எரிப்பன்!"

கைதட்டல்!

பிரவீணன் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

வலி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

*

விடிந்தது வெள்ளிக்கிழமை. எம்.பி. இரவோடிரவாகக் கொழும்புக்குப் போய்விட்டார்.

இன்ஸ்பெக்டர் ஜெசிதா ஜீப்பிலிருந்து குதித்தாள். குருநகர்ப் பெண். கடற்காற்றில் வளர்ந்த குரல். பின்னால் கான்ஸ்டபிள் ஜெனிஸ்ரன்.

தென்னோலைக் கிடுகால் வேய்ந்த கொட்டில் இருந்த இடத்தில் சாம்பல். நடுவே கருகிய மண்ணெண்ணெய்க் கான்.

"கேஸ் முடிஞ்சுது மடம்! ஆளுங்கட்சி அமைப்பாளர் றொகான், முந்தநாள் சந்தியிலை மைக் பிடிச்சு, 'உந்தக் கொட்டிலைக் கொளுத்துவம்' எண்டு கத்தினவன். ஆளைப் பிடிச்சு உள்ளுக்கையும் போட்டாச்சு. வேறை என்ன வேணும்?"

"உமக்கு லீவு வேணுமோ ஜெனிஸ்ரன்?"

"ஓம் மடம்... மச்சாளின்ரை கலியாணம்."

"அதுதானே பாத்தன்!"

கொர்ர்ர்... கொக்!

குசினியின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். ஜெசிதா எட்டிப் பார்த்தாள்.

ஒரு பனையோலைக் கூடை. அதற்குள் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு அடைக்கோழி. வால் இறகுகள் கருகியிருந்தன!

"அன்ரி! உந்தக் கோழி இஞ்சையோ அடை கிடக்கிறது?"

ஓடி வந்த பூரணம் திகைத்துப் போனாள். "இல்லைப் பிள்ளை! கொட்டில் மூலையிலை எல்லோ அடை வைச்சனான்! ராத்திரி ஆஸ்பத்திரியாலை வந்து அப்பிடியே விழுந்து படுத்திட்டன். எரிஞ்சு போச்செண்டுதான் நினைச்சன்..."

ஜெசிதா கோழியை மெல்லத் தூக்கினாள். ஒரு கொத்து வாங்கினாள். ஆனாலும் விடவில்லை.

முட்டைகள், ஒன்றும் உடையவில்லை. அவற்றுக்கு நடுவே ஒரு துருப்பிடித்த ஆணி. ஒரு கரித்துண்டு. ஒரு காய்ந்த செத்தல் மிளகாய். இடி இடித்தால் முட்டை கூழாகாமல் இருக்க நம் பெண்கள் அடையில் வைப்பார்களே, அதே மூன்றும்.

"உதுகளும் கொட்டிலுக்கை இருந்ததோ அன்ரி?"

"ஓம் பிள்ளை... நான் வைச்சதுதான்."

ஜெசிதா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"பாரும் ஜெனிஸ்ரன். சண்டியன் கொட்டில் கொளுத்த வாறான். வந்தவன் முதல்லை கோழியைத் தூக்குறான். முட்டையளை உடையாமல் மாத்துறான். ஆணி, கரி, மிளகாய்... ஒண்டும் விடாமல் பொறுக்கி வைக்கிறான். பேந்துதான் நெருப்புத் தட்டுறான்! இப்பிடி ஒரு சண்டியனை நீர் கண்டிருக்கிறீரோ?"

"முதலே மாத்தினதெண்டால் வால் ஏன் மடம் கருகினது?"

அதற்குப் பதில் பூரணத்திடமிருந்து வந்தது. மிகவும் தாழ்ந்த குரலில்.

"அடைக்கோழியை இடம் மாத்தினால் நிக்காது தம்பி... பழைய இடத்துக்குத்தான் திரும்பி ஓடும்."

"ஓடியிருக்கு! எரியிற கொட்டிலுக்குள்ளை!" ஜெசிதாவின் குரல் உயர்ந்தது. "அதைப் பிடிக்க ஒருத்தன் பின்னாலை பாஞ்சிருக்கிறான். கையிரண்டையும் எரிச்சுக்கொண்டு கோழியை வெளியிலை எறிஞ்சிருக்கிறான். அன்ரி... அடை வைச்ச அண்டைக்குக் கோழியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது ஆர்?"

பூரணம் கூடையைப் பார்த்தாள்.

"நான்... நான் தனியத்தான் வைச்சனான்."

பொய்! சந்நிதிக்குப் போய் வந்த வாயால் சொன்ன பொய். அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

*

பொலிஸ் நிலையம்.

"மடம், நான் மைக்கிலை கத்தினது உண்மை!" கம்பிக்குப் பின்னாலிருந்து றொகான் கெஞ்சினான். "ஆனால் நாங்கள் மைக்கிலை சொன்னதெல்லாத்தையும் செய்திருந்தால் இந்த நாடு எப்பவோ சிங்கப்பூர் ஆகியிருக்குமே! பிரவீணன் பள்ளிக்கூடத்திலை என்னோடை ஒரே வாங்கிலை இருந்து படிச்சவன். அவனை எரிப்பனோ?"

"பொழுதுபட முதல் உம்மை நீதவானிட்டைக் கொண்டுபோக வேணும் றொகான். கொலை முயற்சி. வெளியிலை வரக் கன காலம் செல்லும்."

"ஐயோ! அவனை ஒருக்காக் கேளுங்கோ மடம்! அவன் பொய் சொல்லமாட்டான்!"

அதுதானே பிரச்சினை. அவன் வாயே திறக்கவில்லை.

கிர்ர்ர்...!

காலையில் இரண்டு அழைப்புகள் வந்திருந்தன. எதிர்க்கட்சியிலிருந்து, "றொகானை விடாதையுங்கோ!" ஆளுங்கட்சியிலிருந்து, "றொகான் எங்கடை பிள்ளை, உடனை விடுங்கோ!"

இப்போது மூன்றாவது. மறுபடியும் ஆளுங்கட்சி.

"இன்ஸ்பெக்டர்... அந்த றொகான் உள்ளுக்கையே இருக்கட்டும். பிரவீணனிட்டை வாக்குமூலம் எடுக்கிறதுக்கு இப்ப அவசரமில்லை. விளங்குதோ?"

டொக்!

ஜெசிதா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மடம்?"

"காலமை ரெண்டு கட்சியும் அடிபட்டுது. இப்ப ரெண்டும் ஒரே வசனம் கதைக்குது. உம்மடை மச்சாளின்ரைக்கு முதல் வேறை எங்கையோ ஒரு கலியாணம் நடந்திட்டுது ஜெனிஸ்ரன்! எடும் ஜீப்பை!"

*

ஆஸ்பத்திரி விறாந்தைக்கே குரல் கேட்டது.

"ஒரு வாய் சாப்பிடு ராசா. நேத்தையிலை இருந்து பட்டினி..."

பூரணம் சோற்றைப் பிசைந்து, உருட்டி, பிரவீணனின் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் வாயை இறுக்கி மூடியிருந்தான். கண்களிலிருந்து நீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

"வேண்டாம் மாமி... உங்கடை கையாலை வேண்டாம்."

"ஏன்ரா?"



சுவரில் இருந்த தொலைக்காட்சியில் பாராளுமன்றம். நேரடி ஒளிபரப்பு. ஓரிரு வாக்கில் அரசாங்கம் ஊசலாடிக்கொண்டிருந்தது. வார்டே எழும்பி உட்கார்ந்திருந்தது. சேலைன் ஏறியபடி இருந்தவர்கூடக் கழுத்தை நீட்டினார்.

"எங்கடை எம்.பி. எழும்பிறார்! இண்டைக்கு அரசாங்கம் விழுந்துது!"

திரையில் சிவசுப்பிரமணியம் தொண்டையைச் செருமினார்.

"கௌரவ சபாநாயகர் அவர்களே! என் இல்லத்தில் நடந்த அசம்பாவிதத்துக்கு அரசாங்கத்தின் மேலிடம் பொறுப்பல்ல என்பதை உணர்கிறேன். எனக்கு முழுப் பாதுகாப்பும், என் மக்களுக்குச் சேவை செய்ய ஒரு பிரதியமைச்சும் தருவதாக உறுதியளிக்கப்பட்டுள்ளது. ஆகவே..."

ஆகவே...?

"அரசாங்கத்துக்கு ஆதரவாக வாக்களிக்கிறேன்!"



வார்டில் ஒருவரையொருவர் பார்க்கக் கூசி எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். அவருக்கு வாக்குப் போட்ட விரல்களை எங்கே ஒளிப்பது? ஒரு கிழவர் எழும்பிப் போய்த் தொலைக்காட்சியை நிற்பாட்டினார். ஏன் நிற்பாட்டினாய் என்று யாரும் கேட்கவில்லை.

பூரணத்தின் கையிலிருந்த சோற்று உருண்டை கீழே விழுந்தது.

"மாமி..." பிரவீணன் விம்மினான். "நான்தான்! நான்தான் கொளுத்தினது!"

"எனக்குத் தெரியும் ராசா. கோழி சொன்னது."

"ஐயாதான் சொன்னவர். 'கொட்டில் மட்டும்தான்ரா, ஒருத்தருக்கும் காயம் வராது. சனத்தின்ரை கண் திறக்கும், அரசாங்கம் விழும்' எண்டு. உங்களைச் சந்நிதிக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டவர். கட்சிக்காகத்தானே எண்டு நம்பினன் மாமி! கோழி பாவமெண்டு தூக்கி வைச்சன். அது திரும்பி ஓடிட்டுது..."

"றொகான்?" வாசலில் நின்ற ஜெசிதா கேட்டாள்.

அவன் அப்போதுதான் அவளைக் கண்டான்.

"அவனைப் பிடிப்பாங்கள் எண்டு நான் நினைக்கேல்லை மிஸ்! கோழியைப் பற்றி யோசிச்ச நான்... அவனைப் பற்றி யோசிக்கேல்லை. எழுதுங்கோ மிஸ். எல்லாத்தையும் எழுதுங்கோ. பெருவிரலும் சுத்திக் கிடக்கு... எப்பிடி அடையாளம் வைக்கிறது எண்டுதான் தெரியேல்லை."

*

மாலையில் றொகான் வெளியே வந்தான். வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான். இப்போது பிரவீணனின் கட்டிலடியில் ஒரு பொலிஸ்காரர் காவலுக்கு நின்றார்.

"டேய்! அடுத்தமுறை கொளுத்தேக்கை என்னைக் கேட்டிட்டுக் கொளுத்து!"

பிரவீணன் கண்ணைத் திறக்கவில்லை.

"சரி சரி, அழாதை. என்ரை கட்சியே என்னை உள்ளுக்கை இருக்கச் சொன்னதாம். உன்ரை ஆளும் இப்ப என்ரை கட்சியாம்! நான் எந்த மூஞ்சையோடை இனி மைக் பிடிக்கிறது? நகரு, நானும் இதிலை இருக்கிறன்."

*

சனிக்கிழமை.

இரண்டு வாகனங்கள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றன. பிரதியமைச்சர் சிவசுப்பிரமணியம் இறங்கினார். மாலை இல்லை. வெடி இல்லை. அயல் வீட்டுப் படலைகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

முற்றத்தில் ஜெசிதாவும் ஜெனிஸ்ரனும் நின்றார்கள். திண்ணைக் குந்தில் பூரணம், மடியில் கோழிக்கூடையோடு.

"ஓ, இன்ஸ்பெக்டர்! பாதுகாப்புக்கு வந்தனீங்களோ?"

"ஓம் சேர். உங்களைக் கைது செய்ய. சபாநாயகருக்கும் அறிவிச்சாச்சு."

"என்ன விசர்க்கதை! நான் பிரதியமைச்சர்! ஆதாரம் என்ன? ஒரு கூலிக்காரன்ரை வாய்ச்சொல்லோ? உவன் எதிர்க்கட்சிக்காரன்! காசுக்குச் சொல்லுவான்!"

"அவன் பொய் சொல்லுறான் எண்டு வைப்பம். நானும் பொய் சொல்லுவனோ?"

பூரணம்தான்!

அவர் திரும்பினார். "நீ உள்ளுக்கை போ."

"எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, 'வா பூரணம், சந்நிதிக்குப் போவம்' எண்டு கூப்பிட்டனீங்கள். நான் நல்ல சேலை கட்டி, தலைக்குப் பூ வைச்சு, புதுப்பொம்பிளை மாதிரி வந்தனான்... நினைக்கவே நாக்கைப் பிடுங்கலாம் போல கிடக்கு."

"பூரணம்..."

"உங்கடை சட்டை உங்கடை கையிலை. போன் என்ரை பைக்குள்ளை. அது அடிச்சது. நான் பையின்ரை வாயைக்கூடத் திறக்கேல்லை. 'பயப்பிடாதை, கொட்டில்தானே' எண்டனீங்கள். பூட்டிக் கிடந்த பைக்குள்ளை இருந்த போன் கொட்டிலெண்டு உங்களுக்கு எப்பிடிச் சொன்னது?"

இடிமுழக்கம் வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

சாத்திய படலைகளுக்குப் பின்னால் எவரோ செருமினார்கள். ஊர் முழுவதும் அங்கேதான் நின்றது.

ஜெனிஸ்ரன் ஜீப்பின் கதவைத் திறந்தான்.

"ஏறுங்கோ சேர்," என்றாள் ஜெசிதா. "முழுப் பாதுகாப்புக் கேட்டனீங்களெல்லோ? எங்களிட்டை இருக்கிறதிலை இதுதான் திறம். வெளியிலை பூட்டு, உள்ளுக்கை நீங்கள். ஒருத்தரும் கிட்ட வரேலாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார். ஏறும்போது கடைசியாக மனைவியைப் பார்த்தார்.

அவள் பார்க்கவில்லை. கூடைக்குள் முதல் முட்டை விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. வால் கருகிய கோழி அசையாமல் தன் இடத்தில் கிடந்தது.

"பிள்ளை," பூரணம் மெல்லக் கூப்பிட்டாள். "இவரை என்ன கூட்டிலை அடைப்பியளோ தெரியாது. கோழிக்கூட்டிலை மட்டும் அடைச்சுப் போடாதையுங்கோ..."

"ஏன் அன்ரி?"

"கோழிக்கு மானம் இருக்கு!"