இரண்டு துளி கொள்ளும் வெள்ளிக் கரண்டி

கொள்ளிடத்தின் வடகரையில், சிற்றரசர்கள் ஒருவரையொருவர் விழுங்கிக்கொண்டிருந்த அந்தக் கலகக் காலத்தில், நெடுங்கரைக் கோட்டை என்று ஒன்று இருந்தது. வாசகர்களே, பங்குனி மாதத்து மாலைப்பொழுது ஒன்றில் நாம் அங்கே போய் நிற்போமானால், மேற்கே அந்திச் செம்மை ஆற்றுநீரில் கரைந்து ஓடுவதையும், கிழக்கே மூங்கில் காடுகளுக்கு மேலே வெண்மதி எழுந்து அலைகள்தோறும் ஒளி சிந்துவதையும், இத்தனை அழகையும் ஏறெடுத்துப் பாராமல் கன்னிமாடத்துச் சாளரத்தருகே ஒரு பெண் நிற்பதையும் காணலாம்.

அவள் மருதங்குடி இளவரசி கோதைப்பிராட்டி. மூன்றாண்டுகளுக்கு முன் நெடுங்கரை அதிபதி வேட்டரையன் அவள் தந்தையின் கோட்டைக்குத் தீ வைத்து அவளைச் சிறைகொண்டு வந்தான். தந்தை மாண்டார். அவளுக்கென்று நிச்சயிக்கப்பட்டிருந்த வயிரமேகனும் அந்தத் தீயிலேயே மாண்டான் என்று உலகம் சொல்லிற்று. தந்தைக்கு மூன்றாண்டு துக்கம் காக்க வேண்டும் என்று கூறி, வேட்டரையனுடன் நடக்கவிருந்த திருமணத்தை இதுவரை அவள் தள்ளிவந்தாள். நாளை மறுநாள் காலை அந்தத் தவணையும் முடிகிறது.

மணப்பந்தலில் அவனைக் கொன்றுவிட்டுத் தானும் சாவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அரசகுமாரிக்குத் தகாத எண்ணம் என்று முகம் சுளிப்பவர்கள், அந்தக் கன்னிமாடத்தில் மூன்றாண்டு இருந்து பார்த்துவிட்டுச் சுளிக்கட்டும். மருதங்குடியிலிருந்து தைலச் சிமிழில் மறைத்துக் கொண்டுவந்த நாபிக்கிழங்கின் சாறு அவளிடம் இருந்தது. உண்டவரை உடனே வீழ்த்தாமல், பல நாழிகை கழித்து அடக்கமாக உயிரை வாங்கும் நஞ்சு அது.

அறையின் குறுக்கே தொங்கிய கனத்த திரைக்கு அப்பால் ஒரு தட்டார் வந்து நின்றார். இப்பால், காவற்பெண் ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தட்டாரே, மணப்பந்தலில் அரசருக்கு நான் பால் ஊட்ட ஒரு வெள்ளிக் கரண்டி வேண்டும். காம்பு உள்ளே குழலாக இருக்கட்டும்" என்றாள் கோதை.

"குழலாகச் செய்தால் ஊசிமுனை அளவாவது ஒரு துளை விட்டாக வேண்டும், தேவி. துளையின்றிப் பற்றவைத்தால் உள்ளே அடைபட்ட காற்று நெருப்பில் சூடேறிக் காம்பை வெடிக்கச் செய்துவிடும். வேலை முடிந்ததும் வெள்ளி ஆணியால் அதை அடைப்பது வழக்கம்." அரம் தேய்ப்பதுபோல் கரகரத்த குரல் அது.

"ஆணி வேண்டாம். துளை கரண்டியின் குழியைப் பார்த்து இருக்கட்டும். நானே தேன்மெழுகால் அடைத்துக்கொள்வேன். காம்புக்குள் சந்தனத் தைலம் வைப்பது எங்கள் நாட்டு மணப்பெண்களின் முறை. சூடான பாலில் மெழுகு இளகும். பிறகு ஒவ்வொரு முறை பாலை ஏந்தும்போதும் ஒரு துளி இறங்கும்."

மருதங்குடியில் அப்படியொரு முறை எந்நாளும் இருந்ததில்லை. காவற்பெண்ணுக்கு அது தெரியாது.

"எத்தனை துளிக்கு இடம் வேண்டும், தேவி?"

"இரண்டு. நான் ஊட்டியதும் அரசர் அதே கரண்டியால் எனக்கு ஊட்டுவார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று."

"இரண்டுக்கு மேல் கொள்ளாதபடி செய்து தருகிறேன்" என்றது அந்தக் குரல்.

மறுநாள் பகல் முழுவதும் தட்டார் பட்டறையை விட்டு எழவில்லை. வெள்ளிக் கட்டியைத் தட்டித் தகடாக்கி, இறுகியபோதெல்லாம் தணலில் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்து, மரக்குழியில் வைத்து உருண்டைச் சுத்தியலால் குழி வாங்கினார். இரு மெல்லிய தகடுகளை வளைத்துச் சேர்த்து, ஊதுகுழலால் தீயூதிப் பற்றவைத்துக் காம்பைச் செய்தார். பின்பு புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கறுப்பைப் போக்கினார். கடைசியாகக் காம்புக்குள் நீரை விட்டு, சரித்துச் சரித்து எண்ணிப் பார்த்தார். இரண்டு துளிதான் விழுந்தது. அப்போது அவர் கண்ணில் நீர் நிறைந்ததை யாரும் பார்க்கவில்லை. அன்றிரவு கரண்டி கன்னிமாடத்துக்குப் போயிற்று; கோதை தைலச் சிமிழிலிருந்த சாற்றைக் காம்புக்குள் நிரப்பி, துளையைத் தேன்மெழுகால் அடைத்தாள்.

மணநாள் காலை. மங்கல வாத்தியங்கள் முழங்க, பொற்கிண்ணத்தில் ஆவி பறக்கும் பாலும் வெள்ளிக் கரண்டியும் வந்தன. கோதை அதை எடுக்கக் கை நீட்டினாள். மடைப்பள்ளி அதிகாரி குறுக்கே வந்து பணிந்தார்.

"பொறுத்தருள வேண்டும், தேவி. புதிய உண்கலத்தில் அதைச் செய்தவனே முதல் வாய் உண்ண வேண்டும். நெடுங்கரையில் தலைமுறை தலைமுறையாக இதுவே முறை."

நெடுங்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த முறை அது. கன்னிமாடத்தில் வாழையிலையில் உண்டு மூன்றாண்டு கழித்தவளுக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? பாவம் அறியாத ஒரு தொழிலாளியைக் கொல்லப்போகிறோம் என்று அவள் பதறி நிமிர்வதற்குள், தட்டார் கரண்டியை எடுத்து, பாலை ஏந்தி, நிதானமாகக் குடித்துவிட்டார்.

அப்போதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பாதி முகம் தீயில் வெந்து சுருங்கியிருந்தது. மற்றப் பாதி வயிரமேகனுடையது.

ஆம், வாசகர்களே. எரிந்த கோட்டையிலிருந்து தவழ்ந்து வெளியேறியவனை ஒரு தட்டார் குடும்பம் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. புகை அவன் குரலைத் தின்றிருந்தது. மூன்றாண்டு சுத்தியல் பிடித்து, அவளைக் கொண்டுபோக வந்தவன் அவன். காவலை மீறி அவளை நெருங்க வழியில்லை. அவளோ சாகத் துணிந்துவிட்டாள் என்பதை, அவள் கேட்ட கரண்டியே அவனுக்குச் சொல்லிவிட்டது.

"கரண்டியில் குற்றமில்லை, அரசே" என்று உரக்கச் சொன்னான். அதை அவள் கையில் கொடுக்கும்போது வாத்திய ஓசைக்குள்ளே, "மூன்றாவது வாயில் வெறும் பால்தான் இருக்கும், கோதை. கீழ்த்துறையில் பரிசல் நிற்கிறது, போய்விடு" என்றான்.

அலறியிருந்தால் வேட்டரையன் பிழைத்திருப்பான். வயிரமேகன் பிழைத்திருக்க மாட்டான். அவள் இரண்டாவது வாயை வேட்டரையனுக்கு ஊட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே மூன்றாவதை அவளுக்கு ஊட்டினான்.

சூரியன் சாயும் வேளையில் வேட்டரையன் பஞ்சணையில் உயிரை விட்டான். அரண்மனை அல்லோலகல்லோலப்பட்டது. கரண்டி செய்த தட்டாரைத் தேடி வீரர்கள் நாலாபுறமும் ஓடினார்கள். காவலற்ற நீர்வாயில் வழியே கோதை கீழ்த்துறைக்கு வந்தாள். கரையோரப் புதரின் மறைவில் பரிசல் இருந்தது. வயிரமேகனைக் காத்த தட்டார் துடுப்போடு அதில் காத்திருந்தார்.

"ஏறுங்கள், தாயே. தம்பி உங்களுக்காகவே காத்திருந்து, சற்றுமுன் அந்தப் படியில் சாய்ந்துவிட்டார். தூக்கிவரப் போனேன்; அதற்குள் வீரர்கள் வந்துவிட்டார்கள்" என்று விம்மினார்.

படித்துறையில் வீரர்கள் அவன் உடலைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். "பேரும் குலமும் தெரியாத நாய். ஆற்றில் முதலைக்குப் போடுங்கள்" என்றான் படைத்தலைவன்.

அவள் பரிசலில் ஏறியிருக்கலாம். அவன் உயிரைக் கொடுத்தது அதற்காகத்தான். பைத்தியக்காரி என்று நீங்கள் அவளை ஏசினாலும் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் மூன்றாண்டு அவனை இறந்தவன் என்று எண்ணி அழுதவளுக்கு, இன்னொரு முறை அவனை விட்டுவிட்டு நடக்கக் கால் எழவில்லை.

"அவரைத் தொடாதீர்கள்" என்றபடி அவள் படியேறினாள். "அவர் மருதங்குடிக்கு உரிய வயிரமேகர். நான் மனத்தால் வரித்த கணவர். கரண்டியில் நஞ்சு நிரப்பியவள் நான். அவருக்குச் சிதை அடுக்குங்கள்; பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்."

வேட்டரையன் காலையில் கட்டிய தாலியைக் கழற்றிப் படைத்தலைவன் காலடியில் போட்டாள். வயிரமேகனின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புதர் மறைவிலிருந்து பரிசல் ஓசையின்றி நகர்ந்தது. படைத்தலைவன் வாளை உருவினான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.