கண்மாய்க்குச் சொந்தக்காரர்

பிறப்பிடங்காட்டியின் ஒளிப்புள்ளி மதுரை வரைபடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அருங்காட்சியகப் பேட்டையின் நட்டநடுவில் வந்து நின்றது. அதாவது, கருவியின் முன் நின்றிருந்த பேட்டை இயக்குநர் தவமணியின் காலடியில்.

உயிர்மீட்பி வந்தபிறகு அழிந்த உயிர்களைப் பழைய எலும்பிலிருந்து எழுப்புவது பெரிய வித்தை இல்லை. வாழவைப்பதுதான் பாடு. அதற்காகவே பேட்டைக்காரர்கள் போராடித் தாய்மண் சட்டம் கொண்டுவந்தார்கள்: மீண்டுவந்த உயிருக்குப் பிறந்த மண் சொந்தம், மனிதர் வெளியேற வேண்டும். எலும்பில் ஊறிய தண்ணீரின் சுவட்டை வைத்து அந்த மண்ணைக் காட்டுவது பிறப்பிடங்காட்டி. ஒரு நாரைக்காக நூற்பாலை போனது, ஓர் ஆமைக்காக நட்சத்திர ஓட்டல் போனது. ஒவ்வொரு முறையும் பேட்டையில் வெடி, லட்டு, ஒரே கொண்டாட்டம்.

இப்போது மஞ்சள்வரித் தவளையின் முறை. தொட்டியில் நன்றாகத்தான் குதித்தது. முட்டை மட்டும் இட மறுத்தது. பிறந்த மண் கிடைக்காவிட்டால் மறுபடி அழிந்துவிடும்.

“மேடம், இந்தப் பேட்டையே கம்மாய மூடிக் கட்டுனதுதானாம்,” என்றார் துணை இயக்குநர் சிக்கந்தர். “புள்ளிய லேசா அங்கிட்டுத் தள்ளி வச்சுருவமா? யாருக்குத் தெரியும்?”

“தவளைக்குத் தெரியுமே.”

“ஒம்பது மியூசியம் மேடம்! உங்க ஆயுசு ஒழைப்பு.”

தவமணி கூடத்தில் தொங்கிய திமிங்கிலத்தை அண்ணாந்து பார்த்தாள். அந்த எலும்புக்கூட்டை ஏணியில் ஏறித் தன் கையால் பூட்டியவள் அவள். ஆனால் ஓட்டல்காரரிடம் அன்று பேசிய நியாயமெல்லாம் இப்போது அவளிடமே திரும்பி வந்தது.

“அடுத்தவன் எடம்னா சட்டம், நம்ம எடம்னா தள்ளி வைக்கிறதா? லாரிக்குச் சொல்லுங்க சிக்கந்தர்.”

மழைக்கு முன்பே கட்டடங்கள் போயின. முதல் பெருமழையில் கண்மாய் நிறைந்தது. தவளைகள் போட்ட சத்தத்தைக் கேட்டு ஊரே கரைக்கு வெளியே திரண்டு கைதட்டியது. தவமணி வாய்விட்டுச் சிரித்தாள், கூடவே அழுதாள். ஜெயித்துவிட்டார்கள்!

பிறகு புது இடம் தேடினார்கள். நாளை எது மீண்டுவந்தாலும் மறுபடி காலிசெய்ய நேராதபடி, முன்னெச்சரிக்கையாக, லாரியில் இருந்த எலும்புகளை ஒவ்வொன்றாகப் பிறப்பிடங்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள். மேலூர் ஒரு மரநாய்க்கு, திருமங்கலம் ஓர் ஓணானுக்கு. கால் ஊன்ற ஓரிடம் மிச்சமில்லை.

“அப்ப எங்கதான் மேடம் நிக்கிறது?”

“நிக்கவே வேணாம். வண்டியக் கெளப்புங்க.”

இன்றும் லாரிமேல் திமிங்கிலம் தெருத்தெருவாகப் போகிறது. பேட்டைப் பக்கம் ஒருநாளும் எட்டிப்பார்க்காதவர்கள்கூட அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவருகிறார்கள். கைதட்டுகிறார்கள், மாலை போடுகிறார்கள், மோர் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரிலேயே தங்கிவிடுங்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. காட்டியும் கூடவே வருகிறதே!