எங்கும் ஒழுகவில்லை

தரை காய்ந்து கிடந்தது. அதுதான் காஞ்சனாவுக்குப் பிடிபடவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அவளே தன் கையால் இஞ்சின் சூட்டைத் தணிக்கும் பச்சைக் கூலன்ட்டைக் காரின் டேங்கில் கோடு வரைக்கும் ஊற்றி, மூடியை இறுக்கியிருந்தாள். காலையில் பானெட்டைத் தூக்கினால் டேங்கின் அடியில் கொஞ்சம் மண்டி மட்டும் மிச்சம். அட, ஒழுகினால் ஒழுகின இடம் தெரிய வேண்டாமா? ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்லக் குந்தி, காருக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். சிமெண்டில் எறும்பு ஊர்ந்தது. ஈரமென்று சொல்ல ஒரு பொட்டு இல்லை. கூலன்ட்டுக்கே உரிய அந்தத் தித்திப்பு வாசனையும் இல்லை. அதற்குப் பதிலாகப் பழைய மூத்திர வாடை ஒன்று லேசாக வந்து போனது. பூனை போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கார் இல்லாமல் அவளுக்கு ஆகாது. புருஷன் யோகேந்திரனுக்கு வேலை சிங்கப்பூரில். வீடோ செர்டாங் டவுனைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் உள்ளே. பஸ் என்றைக்கோ நின்றுபோயிற்று. இதற்கு முன்னால் தரித்த இரண்டும் வயிற்றிலேயே போய்விட்டன. இரண்டு தடவையும் வண்டி வரட்டும், வண்டி வரட்டும் என்று வாசலில் காத்திருந்து கெட்டவள் அவள். இந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும். அதற்கு இந்தக் கார் ஓட வேண்டும். வேறு எதைப் பற்றியும் அவளுக்குக் கவலையில்லை.

செர்டாங்கில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் நடராஜா நல்ல வேலைக்காரர். ரேடியேட்டர் வாயில் பம்ப்பை மாட்டிக் காற்றடித்து வைத்துவிட்டு, ஒரு கப் தேத்தண்ணீர் குடித்து முடித்து வந்து பார்த்தார். பம்ப்பின் முள் அசையவே இல்லை. ஒவ்வொரு ஓஸாக விரலால் தடவினார். தண்ணீர் இஞ்சினுக்குள்ளே இறங்கினால் எண்ணெய் வெளுத்துப்போயிருக்குமே என்று எண்ணெய்க் கம்பியையும் இழுத்துப் பார்த்தார். எண்ணெய் சுத்தமாக இருந்தது.

"எங்கயும் ஒழுகல தங்கச்சி."

"அப்போ தண்ணி எங்கண்ணே போவுது?"

"அதான்லா எனக்கும் வெளங்கல." டேங்கின் வாயைத் துணியால் துடைத்தார். துணியைப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார். "யாராச்சும் இதத் தொறக்குறாங்களா? எச்சி பண்ணுன தம்ளர் மாதிரி ஓரமெல்லாம் பிசுபிசுங்குது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். காஞ்சனா சிரிக்கவில்லை. வீடு வரும்வரை இஞ்சின் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.

வீட்டில் மாமியார் பிரேமாவதி, மாமனார் அய்யாவுவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். செத்தவருக்குத் தாகம் எடுக்கும் என்று தண்ணீர் வைப்பார்கள். மறுநாள் ஒரு விரற்கடை குறைந்திருந்தால் வந்து குடித்துவிட்டுப் போனார் என்று மனசு ஆறும். கருமாதி முடிந்து, வந்த சனமெல்லாம் கிளம்பிப் போன பிறகும் பிரேமாவதி தம்ளரை எடுக்கவில்லை.

"பாரு காஞ்சனா, வச்சது வச்சபடி இருக்கு. ஒரு நாளும் கொறையல. உசுரோட இருக்கறப்ப தண்ணி தண்ணின்னு அத்தன பறப்பு பறந்த மனுஷன். இப்ப ஏன் வாய் வைக்க மாட்றாரு?"

"எனக்கு என்னா தெரியும் அத்த," என்று காஞ்சனா அடுப்படிக்குப் போய்விட்டாள். தெரியாமல் என்ன? நன்றாகத் தெரியும்.

அய்யாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. கூலிம் ஆஸ்பத்திரிக்கு ரத்தம் சுத்தம் பண்ண அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது காஞ்சனாதான். இப்படிப்பட்ட நோயாளிக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று அங்கே நர்ஸாக இருந்த மிஸ்ஸி சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது காஞ்சனாவுக்கு. அவர் மடியில் போன மூத்திரம், வழியெல்லாம் எடுத்த வாந்தி, யாரும் கேட்காத தன் அலுப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தத் தண்ணீரில் கை வைத்தாள். மிஸ்ஸி அளந்ததில் பாதியைத்தான் கொடுத்தாள். குழாயடிக்குப் பூட்டுக்கூடப் போட்டாள்.

கடைசி நாள் நல்ல வெயில். நடு ரோட்டில் கார் சூடேறி நின்றுவிட்டது. ஸீட்டில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது. "ஒரு மொடக்கு குடு தாயி, நாக்கு ஒட்டிக்கிச்சு," என்று கிழவர் கையைக் கூப்பினார். அவள் போத்தலை எடுத்துப்போய், அவர் பார்க்கப் பார்க்க, ஒரு சொட்டு விடாமல் ரேடியேட்டரில் ஊற்றினாள். அவர் காரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, விளிம்பில் சிந்திய ஈரத்தை விரலால் தொட்டு நாக்குக்குக் கொண்டுபோனார். "ச்சீ, நாயா நீங்க?" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. கூலிம் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி செத்திருந்தார்.

ஒரு மொடக்கில் ஒன்றும் ஆகியிருக்காது. அது அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

அதனால்தான், அன்று ராத்திரி யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பானெட்டின் மேல் வைத்தாள். "மாமா, குடிச்சிட்டுப் போயிருங்க. என்ன விட்டுருங்க," என்றாள். விடிந்து பார்த்தாள். தம்ளர் வைத்தபடியே நிறைந்து நின்றது. டேங்க் காலி.

கிளினிக் நாளன்று காலையில் டேங்கை நிரப்பி, பின் ஸீட்டில் வாய் திறக்காத போத்தல்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். ஸ்கேன் பார்த்த மலாய் டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்தாள், நகர்த்தினாள், திரும்பவும் வைத்தாள். முகம் மாறிற்று. கிளினிக் மிஸ்ஸியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். மிஸ்ஸி நம்ம தமிழ்ப் பொண்ணு, காஞ்சனாவின் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அக்கா, பிள்ளையச் சுத்தி தண்ணி ரொம்பக் கொறைஞ்சிருச்சு. ஒழுகிச்சா? துணி நனைஞ்சிச்சா?"

"இல்லம்மா. ஒரு சொட்டு இல்ல."

"டாக்டரும் பார்த்துட்டாங்க. பனிக்குடம் எங்கயும் ஒடையல. அப்போ எப்படிக்கா போச்சு?"

காஞ்சனா சட்டையை இழுத்து வயிற்றை மூடினாள்.

உடனே கூலிம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்கள். ஆம்புலன்ஸ் விபத்து ஒன்றுக்குப் போயிருந்தது. காத்திருங்கள் என்றார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவள் எழுந்துவிட்டாள். மிஸ்ஸி கையைப் பிடித்தாள்; உதறிக்கொண்டு போனாள். இன்னொரு பிள்ளையைக் காத்திருந்து கொடுக்க அவள் தயாரில்லை.

கூலிமுக்குப் போகும் மஹாங் ரோட்டில் இரண்டு பக்கமும் செம்பனை நெருங்கி நின்றது. மழைக்கு இருட்டிக்கொண்டு, மட்டைகளுக்குக் கீழே பகலிலேயே வெளிச்சம் செத்திருந்தது. ஏஸியைப் போடப் பயந்து கண்ணாடியை இறக்கியிருந்தாள். அழுகிய பழக்குலைகளின் எண்ணெய் வாடையும் மண் வாடையும் கலந்து உள்ளே அடித்தது. முள்ளைப் பார்த்தாள். கீழேயே இருந்தது. மேடு ஏறினாள். கீழேயே இருந்தது. எந்த நாளும் இப்படி இருந்ததில்லை. அப்பாடா என்று மூச்சு வந்தது அவளுக்கு. கண்ணீரே வந்துவிட்டது. "நல்லா இரு சாமி," என்று ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தாள்.

அப்போது அந்த வாடை வந்தது. பூனை மூத்திரம் இல்லை. பல காலம் தன் பக்கத்து ஸீட்டிலிருந்து வீசிய வாடை, சிறுநீரகம் கெட்டவரின் வாய் வாடை. ஈரமாக, சூடாக, வெகு அருகில்.

மொடக்.

சத்தம் தெளிவாகக் கேட்டது. யாரோ அவசரமில்லாமல் விழுங்குகிற சத்தம்.

காரை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தாள். இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள். டேங்க் விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஊற்றின பச்சை ஊற்றினபடியே நின்றது. பின் கதவைத் திறந்தாள். போத்தல்கள் அத்தனையும் முழுசாக இருந்தன. எதையும் தொடவில்லை. எதிலும் குறையவில்லை.

மொடக்.

பானெட்டிலிருந்து இல்லை.

வயிறு கல்லாக இறுகிற்று. பிள்ளை ஒரு உதை உதைத்தது. பிறகு புரண்டது. புரள இடமில்லாததுபோலப் புரண்டது.

"மாமா. வேணாம் மாமா."

மொடக்.

ஓடிவந்து ஸீட்டில் விழுந்து கதவைச் சாத்தினாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். காலையில் வயிற்றை அழுத்திய பெல்ட் தொளதொளவென்று மடியில் விழுந்தது. சாவியைத் திருகினாள். இஞ்சின் நல்லபடியாக எடுத்தது. கால் எடுக்கவில்லை. இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தது.

மொடக். மொடக்.

சட்டையைத் தூக்கினாள்.

வயிறு உள்வாங்கியிருந்தது. தோல் பிள்ளையின் மேல் ஒட்டிக் கிடந்தது. சின்ன முட்டி தெரிந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தொப்புளுக்கு மேலே ஒரு முகம். மூக்கு. மூடிய இமை.

பின் ஸீட்டுக்குக் கையை நீட்டிப் போத்தலை இழுத்துக் கடித்துத் திறந்தாள். வயிற்றின் மேல் கவிழ்த்தாள். ஓடிப்போயிற்று. இன்னொன்றைத் திறந்தாள். ஊற்றினாள். எல்லாம் ஓடி ஸீட்டில் இறங்கிற்று. உள்ளே ஒரு சொட்டுப் போகவில்லை.

தோலுக்கு அடியில் அந்தச் சின்ன வாய் ஒரு மொடக்குக்கு ஏங்கித் திறந்தது. மூடிற்று. திறந்தது. மூடிற்று.

திறந்தது.