பூரிக்கட்டையின் வாசம்

காலை ஏழு மணிக்குச் செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குடியிருப்பில் பத்தாயிரம் பேரும் ஒரே பாசிக்கட்டியைத் தின்றார்கள். கிழக்கு வரிசைக்கு அது நெய்ப்பொங்கலாக இருந்தது, மேற்கு வரிசைக்கு இடியாப்பம். நாவின் அடியில் பதித்த ‘நாச்சில்லு’ என்ற மின்சில்லு சொல்வதுதான் அங்கே சுவை.

சில்லுக்குச் சொல்லிக்கொடுப்பவர் மாசிலாமணி. குடியிருப்பில் சில்லு பதிக்காத ஒரே நாக்கு அவருடையது. பூமியிலிருந்து அபூர்வமாக வரும் அசல் உணவை அவர் ருசித்துக் குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்பு மற்றவர்கள் நாவில் சுவையாக இறங்கும். பதவியின் பெயர் சுவைப்பதிவாளர். ஒரு குறிப்பு தவறென்று தெரிந்தாலும் பதவி போய்விடும். பிறகு பனிச்சுரங்கத்தில் ஐஸ் வெட்ட வேண்டியதுதான்.

இந்த முறை கப்பலில் ஒரு சிவப்பு ஒயின் போத்தலோடு தணிகாசலம் என்ற பூமி அதிகாரி வந்திறங்கினார். ‘ஓக் மரப் பீப்பாயில் பதினெட்டு மாதம் ஊறியது’ என்றது போத்தலின் சீட்டு. மர வாசனை எப்படி இருக்கிறது, எந்த உணவோடு பொருந்தும் என்று மறுநாள் விருந்துக்குள் எழுதித் தர வேண்டும்.

மாசிலாமணி ஒரு வாய் குடித்தார். புளித்தது, துவர்த்தது. இதில் மரம் எது? செவ்வாயில் பிறந்தவர் மரத்தைக் கண்டாரா?

குடியிருப்பில் இருந்த ஒரே மரச்சாமான் அருங்காட்சியகத்துப் பூரிக்கட்டை. அதன் காப்பாளர் புனிதவதியிடம் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அவள் தயங்கினாள். அவர் பூரிக்கட்டையை முகர்ந்தார். போதவில்லை. நாக்கை நீட்டினார்.

“சார், அது ஓக் மரமான்னு தெரியாதே.”

“மரம்னா மரந்தானேம்மா. எல்லாம் ஒரே வாசனையாத்தான் இருக்கும்.”

புனிதவதி அவசரமாகப் பெட்டியை மூடினாள். மாசிலாமணி எழுதினார்: ‘முதலில் துவர்ப்பு. கடைசியில் பழைய பூரிக்கட்டையின் வாசம். பூரி கிழங்கோடு பொருந்தும்.’

விருந்தில் பாசிச்சாறு குடித்த பத்தாயிரம் நாக்குகளும் பூரிக்கட்டையை உணர்ந்து தலையாட்டின. அதில் வியப்பில்லை, சில்லு சொன்னால் ஆட வேண்டியதுதான். ஆனால் தணிகாசலத்துக்குச் சில்லு கிடையாது. நாற்பது வருடமாக ஒயின் ருசித்த சொந்த நாக்கு. அவர் குறிப்பை இருமுறை படித்தார், கோப்பையைச் சுழற்றினார், குடித்தார், கண்ணை மூடினார்.

“பூரிக்கட்டை,” என்றார் தணிகாசலம் மெதுவாக. “ரொம்ப நாளா இது என்ன வாசனைன்னு யோசிச்சிட்டிருந்தேன். பூமியில ஒருத்தருக்கும் இது பிடிபடலை.”

பதவி தப்பியது. விருந்து முடிந்ததும் புனிதவதி அவரைத் தனியே அழைத்தாள். அசல் பூரிக்கட்டை பத்து வருடத்துக்கு முன்பே இடம் மாற்றும்போது உடைந்து தூளாகிவிட்டதாம். பெட்டியில் இருப்பது காய்ந்த பாசியை அச்சில் அழுத்திச் செய்த நகல். நாள்தோறும் எல்லோரும் தின்னும் அதே பாசி, பத்து வருடம் காய்ந்ததால் அவர் நாக்குக்கே அடையாளம் தெரியவில்லை. தன் வேலைக்குப் பயந்து அவள் வெளியில் சொல்லவில்லை. மாசிலாமணியும் தன் வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார். குற்ற உணர்வில் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

அடுத்த கப்பல் இரண்டு வருடம் கழித்து வந்தது. அதே ஒயின், புதிய சீட்டு: ‘பழைய பூரிக்கட்டையின் ஆழ்ந்த மர வாசம். பூரி கிழங்கோடு அருந்துக.’ பூமியில் அதற்கு ஒரு வருடம் முன்பதிவு செய்ய வேண்டும் என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள். தங்கள் கோப்பையிலும் அந்த வாசத்தைக் கண்டுபிடித்ததாக லட்சம் பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்களாம்.

மாசிலாமணி சீட்டை நிதானமாகப் படித்து முடித்துவிட்டு ஒரு வாய் குடித்தார்.

“எப்படி இருக்கு சார்?” என்று கேட்டாள் புனிதவதி.

“போன தடவையைவிட மர வாசனை கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா,” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சில்லு இல்லாத அவர் நாக்குக்கு அப்படித்தான் தெரிந்தது.