பயம் சொன்ன பிறகுதான் வண்டி

குட்டியின் வீட்டாருடைய கண்ணாடிக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கும் முன், தூக்குகிற இருவரும் ஆளுக்கொரு பயத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாசற்படி ஈரமாக இருக்கிறது என்பார் அப்பா. கையுறை வழுக்குகிறது என்பாள் அம்மா. படியைத் துடைத்து, கையுறையை மாற்றிய பிறகுதான் கண்ணாடி தரையை விட்டு எழும்பும். பயமே இல்லை என்பவர் அதைத் தொடக் கூடாது.

பத்து வயதுக் குட்டிக்கும் ஒரு பயம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் அப்பாவோடு வாடகை வண்டியில் போனபோது, பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வண்டி ஒரு மணல் குவியலில் ஏறி நின்றது. யாருக்கும் காயம் இல்லை. ஆனால் பின்னால் இருந்த ஆறு கண்ணாடிகளும் ஒவ்வொன்றாக உடைந்த சத்தம் அவள் காதை விட்டுப் போகவே இல்லை. அதன் பிறகு அவள் பள்ளி வேனில் ஏறுவதில்லை. நடந்தால் உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

இப்போது அப்பா சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கப் பார்த்தார். வாடகை வண்டிகள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. தள்ளுவண்டியில் கண்ணாடி கொண்டுபோய் அவருடைய தோள்பட்டை வீங்கிவிட்டது.

அம்மா கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதனால் வண்டி பார்க்கப் போன அப்பாவோடு குட்டியை அனுப்பினாள். "நீயும் போ. உங்கப்பா வண்டியில கண்ணாடியை மட்டும்தான் பார்ப்பார்."

பஸ்ஸில் போகும்போது குட்டி கண்ணை மூடிக்கொண்டு கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வண்டிக்குச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கேனில் தண்ணீர் போடுபவர். அம்மா சொன்னது அப்படியே நடந்தது. அப்பா நேராகப் போய் முன்கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை என்று பூரித்துப்போனார்.

குட்டி மீட்டரை எட்டிப் பார்த்தாள். நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். பூமியைப் பத்துத் தடவை சுற்றி வந்த வண்டி என்று கணக்குப் போட்டாள்.

அப்பா கேட்டதற்கெல்லாம் தண்ணீர்க்காரர் தங்கமான வண்டி என்றே பதில் சொன்னார். சொல்லும்போதெல்லாம் துண்டால் பானெட்டைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார்.

பிறகு சாவியை நீட்டி, ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கேட்டுக்கு வெளியே செங்குத்தான இறக்கம். அதன் அடியில் பெரிய சாலை. லாரிகள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன.

அப்பா ஏறி உட்கார்ந்து, அவளுக்கும் கதவைத் திறந்துவிட்டார். குட்டியின் கால் நகரவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அப்பா தனியாகப் போவார். அதை நினைத்ததும் இன்னும் பயமாக இருந்தது.

"அப்பா, நாம இன்னும் பயம் சொல்லலையே."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. கடை வழக்கத்தைத் தண்ணீர்க்காரருக்கு விளக்கினார். விளக்கி முடிக்கும்போது அப்பாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. கீழே இறங்கினார்.

"சரிதான். இதை விட்டா வேற வண்டி கிடைக்காதோன்னு எனக்குப் பயம். அதான் எதையும் சரியாப் பார்க்கலை. உனக்கு?"

"இறக்கம்," என்றாள் குட்டி. "அந்த மணல் குவியல்லேருந்தே. அதான் ஸ்கூலுக்கு நடந்து போறேன்."

"உடம்புக்கு நல்லதுன்னு சொன்னியே?"

"அதுவும்தான்."

அப்பா அவள் தலையில் கை வைத்தார். குட்டி தண்ணீர்க்காரர் பக்கம் திரும்பினாள்.

"மாமா, உங்க பயம் என்ன?"

"எனக்கென்ன பயம்மா? நாலு லட்சம் கிலோமீட்டர் ஓட்டினவன் நான்."

"பயம் இல்லைன்னு சொல்றவங்களை எங்க கடையில கண்ணாடியைத் தொட விடமாட்டோம், மாமா."

தண்ணீர்க்காரர் மறுபடி பானெட்டைத் துடைக்கப் போனார். துண்டு பாதியில் நின்றது. குழாயடியில் ஒரு கேன் நிரம்பி வழிந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"காலி வண்டின்னா ஒண்ணும் இல்லை," என்றார் மெதுவாக. "கேன் நிறைய ஏத்திட்டு இறங்கினா, சில சமயம் பிரேக் அடி வரைக்கும் போயிடுது. ரெண்டாவது தடவை மிதிச்சாதான் பிடிக்குது. என் பொண்ணை நான் இதுல ஏத்துறதில்லை."

அப்பா சாவியைத் திருப்பி அவர் கையில் வைத்தார். திட்டவில்லை.

கேனை இறக்கி வைத்தவர்போல் தண்ணீர்க்காரர் மூச்சு விட்டார். மெக்கானிக்கிடம் காட்டி பிரேக்கை முழுசாகச் சரி செய்வதாகச் சொன்னார். அப்புறம் கேன் நிறைய ஏற்றி அவரே இந்த இறக்கத்தில் ஓட்டிக் காட்டுவாராம். அதைப் பார்த்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாமாம். அதுவரை தள்ளுவண்டியே போதும் என்றார் அப்பா. அப்பாவின் தோளுக்கு ஓய்வாக, அம்மாவோடு தானும் தள்ளுவதாகக் குட்டி சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் குட்டி கண்ணை மூடவில்லை. சிறிது தூரம் போனதும் அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

"இந்த டிரைவர்கிட்ட யாராவது பயம் கேட்டாங்களா?"

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றதும் அப்பா எழுந்து முன்னால் போனார். டிரைவரிடம் என்னவோ பேசிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"பெல் அடிக்காம ஓடுற பஸ்லேருந்து குதிக்கிறவங்கதான் அவருக்குப் பயமாம்."

தங்கள் நிறுத்தம் கண்ணில் பட்டதுமே குட்டி எக்கி நின்று பெல்லை அடித்தாள். டிரைவருக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவையும் அடித்தாள்.